நான் இருந்ததாகச் சொன்ன மௌன விரதம்

சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் முன் ஒரே மூச்சில் மேலே போய் நின்று இறங்க வேண்டிய இடம் அது. சொல் கிடையாது, 'ஆ' என்று நீளும் வெறும் ஆகாரம்தான். ஒரு மலையாளப் படத்துக்கு நான் பாடிய பாட்டு, வருடக்கணக்காகப் பாடிவருகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஆயுத பூஜை விழா மேடையில் அந்த இடம் வந்தபோது வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

மேடைப் பாடகர்கள் எல்லோருக்கும் ஒரு தந்திரம் தெரியும். குரல் வராது என்று தெரிந்த நொடியில் சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட வேண்டும். ரசிகர்களைப் பாட வைக்கிறார்கள் என்று ஜனங்கள் பூரித்துப்போவார்கள். நானும் நீட்டினேன். முன்வரிசையில் இருந்த மலையாளிகள் பாடினார்கள். பந்தலின் பின்னால், மாலைக் கூடைகளை இறக்கிவிட்டு நின்றிருந்த முனிராஜ் அண்ணன் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடி அந்த உச்சத்தைப் பிடித்தார். கைதட்டல் ஓயவே நேரமானது.

முனிராஜ் அண்ணன் எங்கள் கீழ்வீட்டுக்காரர். பூ மண்டியில் ஏலம் கூறுகிறவர். மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. மாடியில் நான் காலையில் சாதகம் செய்வதைக் கேட்டுக் கேட்டே மெட்டு அவருக்கு மனப்பாடம். அன்று அவர் குரலின் ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தது. பூஜைச் சமயம், விடிய விடிய ஏலம் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் கவலை என் தொண்டையைப் பற்றி மட்டும்தான்.

குரலை வைத்துப் பிழைப்பவர்கள், பாடுகிறவர்களோ பாடம் எடுப்பவர்களோ வியாபாரம் பேசுகிறவர்களோ, யாராவது இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க வைக்கும் எதுவும் இதில் இல்லை. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். அம்மா கிருஷ்ணகிரிக்காரர். மலையாளம் எனக்குப் பேச வரும், படிக்க வராது. சினிமாவில் பாடிய எல்லாப் பாட்டையும் தமிழ் எழுத்தில்தான் எழுதிப் பாடினேன். தமிழில் இல்லாத ஒலிகளுக்குச் சிவப்புப் பேனாவில் என் கணக்கில் ஒரு சுழி, ஒரு கொக்கி. கொச்சியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தத் தாளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கவிழ்த்தே பிடித்திருப்பேன். மறைப்பது எனக்குப் புதிதில்லை.

ஓணம் விழாக்களில் பாடி, கானமேளா எனும் மேடைக் கச்சேரிக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றி, பிறகு கொச்சியில் டிராக் பாட ஆரம்பித்தேன். டிராக் என்றால், பெரிய பாடகி வந்து பாடுவதற்கு வழிகாட்டியாக முன்னாலேயே ஒருவர் பாடி வைப்பது. அவர் வந்து பாடியதும் நம் குரலை அழித்துவிடுவார்கள். அப்படி நிறைய அழிந்திருக்கிறேன். ஒரு படத்துக்கு மட்டும் பெரிய பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தேதி நெருங்கியது. இசையமைப்பாளர் என் டிராக்கையே வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. வளைகுடா மேடைகள், தொலைக்காட்சி, ஓசூரிலேயே மாடி வீடு எல்லாம் அதன் பிறகு வந்தவை.

இன்னொருத்திக்குத் தொண்டை கட்டியதால் வந்த வாழ்வு. ஆகவே எனக்குக் கட்டினால் என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் காலையில் கரகரத்த குரலை மிளகுப் பாலிலும் கஷாயத்திலும் மறைத்தேன். ஒலிப்பதிவில் இப்போது வரிவரியாகப் பாடலாம், வராத ஸ்வரத்தைக் கணினியில் தூக்கி வைத்துவிடுவார்கள். மேடையில்தான் ஒளிய இடமில்லை.

ஐப்பசிக் கடைசியில் நானும் என் கணவரும் பெங்களூரில் ஒரு குரல் மருத்துவரிடம் போனோம். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். ஸ்ட்ரோபோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராவை விட்டு, குரல்நாண்கள் அதிர்வதை மெதுவாக்கிக் காட்டும் பரிசோதனை) செய்தார்கள். திரையில் என் குரல்நாண்கள் இரண்டும் தெரிந்தன. முத்து வெள்ளையாக இருக்க வேண்டுமாம். என்னுடையதில் ஒன்று ரத்தம் கட்டிச் சிவந்து, விளிம்பில் ஒரு மொட்டு தள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இதைக் காட்டித்தான் காசு வாங்கினோமா என்று கூசிப்போய்க் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

"எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"பத்துப் பதினஞ்சு நாளா, டாக்டர்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிவகாசிப் பக்கத்துக்காரர், தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். பொய்யைக் கண்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பில் ஏதோ எழுதினார்.

வோக்கல் பாலிப் (குரல்நாணில் கொப்புளம் போல வளரும் சதை, புற்றுநோய் அல்ல). முதலில் ரத்தக்கட்டு வற்ற வேண்டும், அதுவரை பேசவே கூடாது. பிறகு அறுவை சிகிச்சை. அதன்பின் மறுபடி மௌனம். கிசுகிசுப்பதும் கூடாது என்றார். குரலைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாடகர்கள் கிசுகிசுத்தே பேசுவோம். பேசுவதை விட அது அதிகமாக நாண்களை இறுக்கலாமாம். எழுந்து வரும்போது அவர் ஒன்று சொன்னார். "யாரா இருந்தாலும் சரி, மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மினா வந்து காட்டிடணும். இது எல்லாருக்கும் இப்படிச் சாதாரணமா முடியறதில்ல." நான் தலையாட்டினேன்.

மறுநாளே கொச்சியிலிருந்து கானமேளா மேலாளர் கூப்பிட்டார். என் கணவர்தான் எடுத்தார். மனிதருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும். "கார்த்திகை ஒண்ணாந்தேதியில இருந்து அவ மண்டல விரதம். பேச மாட்டா. மௌனம்" என்று சொல்லிவிட்டார். தை மாதத்தில் ஒரு பெரிய படத்துக்கான பாட்டு எனக்காகக் காத்திருந்தது. அதுவரை பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

சொன்னவர் அவர்தான். ஆனால் நான் மறுக்கவில்லை. ஃபோனை வைத்ததும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதி.

ஜன்னல் திறந்திருந்ததால் செய்தி கீழே இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எல்லாமும் பேசுவார்கள். பேசாதிருப்பதை எல்லா மொழிக்காரர்களும் ஒரே மாதிரி மதித்தார்கள். மாடிப்படியில் என்னைக் கண்டால் ஒதுங்கி நின்றார்கள். மலையாளி சமாஜத்துப் பெண்கள் இருவர் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். முனிராஜ் அண்ணனின் மனைவி கௌரம்மா தினமும் ஒரு முழம் மல்லிகையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவாள். மேடையில் கிடைக்காத மரியாதை அது. எனக்குப் பிடித்திருந்தது. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாகப் படியிறங்கினேன். இப்போது எழுதும்போது காது மடல் சுடுகிறது.

விரதம் தொடங்கிச் சில நாட்களில் கௌரம்மா முனிராஜ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

"நீங்க பேச வேணாங்க்கா, கேட்டா போதும். இவருக்குத் தொண்ட கட்டிக்கினு மூணு மாசமா ஆவுது. ஏலம் கூற முடியல. டாக்டர்கிட்ட போலாம்னுதான் பேசிக்கினு இருந்தோம். உங்களப் பாத்துட்டு இவரே சொல்றாரு, நானும் ஒரு மண்டலம் வாயத் தொறக்காம இருக்கறேன், சாமி குடுத்த கொரலு, அதே சரி பண்ணட்டும்னு. உங்க கையால திருநீறு வச்சு வுடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே, "பாட்டுக்கார அக்கா வச்சா சரியாப் பூடும்" என்றார். என்னை விட வயதில் மூத்தவர், தெருவே அப்படிக் கூப்பிடுவதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த ஐந்து சொற்களைக் கேட்டேன். ஏலம் போட்டுக் கட்டிய குரல் எனக்குத் தெரியும், அது கரகரக்கும், தண்ணீர் குடித்தால் சற்று இளகும். இது வேறு. காற்று எங்கோ ஒரு பக்கமாக ஒழுகிப் போகிற குரல். இருபது வருடமாகக் குரல்களை மட்டுமே கேட்டுப் பிழைத்த காது இது. அதற்குத் தெரிந்துவிட்டது.

திருநீறு வைத்தேன். நெற்றியில் மட்டுமல்ல, தொண்டையிலும் வைத்துவிடச் சொன்னாள் கௌரம்மா. வைத்தேன்.

அவர்கள் இறங்கிப் போனதும் என் கணவர் கதவைச் சாத்தினார். "நீ எழுதிக் காட்டிரு. அந்த மனுசன் கொரல் எனக்கே நல்லாப் படல" என்றார். ஃபோனை எடுத்து, 'அண்ணனை உடனே தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்' என்று கௌரம்மாவுக்கு அடித்தேன். அனுப்பவில்லை. சாமியை நம்பி இருப்பதாகச் சொல்கிறவள் அடுத்தவரை ஏன் டாக்டரிடம் அனுப்புகிறாள் என்று கேட்பாள். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கௌரம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், சமாஜத்துக்குத் தெரியும், அடுத்த ஒரு மணி நேரத்தில் கொச்சிக்குத் தெரியும். தை மாதப் பாட்டு கைவிட்டுப் போகும். அடித்ததை அழித்தேன். பிறகும் பலமுறை அடித்து அழித்தேன்.

மார்கழியில் எனக்கு அறுவை சிகிச்சை. மைக்ரோ லாரிஞ்ஜியல் சர்ஜரி (மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே நுண்ணோக்கியை வைத்துச் சதையை மட்டும் நீக்குவது). வெளியே வெட்டு இல்லை, தையல் இல்லை. கோயில் பயணம் என்று சொல்லிப் போய் வந்தோம். திரும்பியபோது கௌரம்மா பிரசாதம் கேட்டாள். வழியில் ஒரு கடையில் வாங்கிய கற்கண்டுப் பொட்டலம் கைப்பையில் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

அறுவைக்குப் பின் இருக்கும் மௌனத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். உடம்பு முழுவதும் தொண்டையாகிவிட்டது போல இருக்கும். தும்மல் வந்தால் பயம், கனவில் கத்திவிடுவோமோ என்று பயம். எச்சில் விழுங்குவதைக் கூட ஒரு வேலையாகச் செய்வீர்கள். எனக்குக் கூடுதலாக ஒன்று இருந்தது. கீழ்வீட்டிலும் சத்தமில்லை. மண்டிக்குக் கிளம்பும்போது முனிராஜ் அண்ணன் வண்டியை உதைத்துக்கொண்டே ஏதாவது பாடுவார். இப்போது வண்டிச் சத்தம் மட்டும் வந்தது. நான் டாக்டர் சொல்லிப் பேசாதிருந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பேசாதிருந்தார்.

பொங்கல் கழிந்து, ஒரு சாயங்காலம் மாடிப்படியில் கௌரம்மா எதிர்ப்பட்டாள். அடுத்த வாரம் குரல் பயிற்சியாளர் முன்னால்தான் நான் முதல் சத்தம் எழுப்ப வேண்டும், அதுவும் வெறும் முனகல்.

"மண்டலம் முடிஞ்சிருச்சுக்கா. கொரலு இன்னும் மோசமாத்தான் கீது. சோறு முழுங்கினா வலிக்குதுன்றாரு. அக்காவுக்கு எப்டி ஆவுதோ பாத்துக்கினு, இன்னொரு மண்டலம் இருக்கலாம்னு சொல்றாரு. உங்களுக்குப் பேச்சு வந்துருச்சாங்க்கா?"

முழுங்கினால் வலிக்கிறது என்றதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கௌரி, நான் விரதம் இருக்கல. தொண்டையில ஆபரேஷன். டாக்டர் பேசக் கூடாதுன்னாங்க. அண்ணனை நாளைக்கே கூட்டிட்டுப் போகணும்."

பாதி காற்றும் பாதி குரலுமாக வந்தது. இரண்டு மாதங்களுக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு. கௌரம்மா புரியாமல் என்னையே பார்த்தாள். பிறகு கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"அப்ப நீங்க டாக்டர்கிட்ட போனீங்களா?"

இதற்கு முன்னும் பின்னும் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எந்தத் திட்டும் இந்தக் கேள்விக்கு ஈடில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதே மருத்துவர், அதே அறை, அதே திரை. நானும் கூடவே போயிருந்தேன். முனிராஜ் அண்ணனின் குரல்நாண் ஒன்று அசையவே இல்லை. பயாப்ஸி (சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்றார் மருத்துவர். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு?"

"ஆவணியில இருந்துங்க" என்றாள் கௌரம்மா. அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஏம்மா இவ்வளவு நாள் வரல?"

கௌரம்மா என் பக்கம் திரும்பினாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது. அவள் மறுபடி மருத்துவரைப் பார்த்து, "பூ சீசனுங்க. மண்டியை வுட்டு வர முடியல" என்றாள்.

மண்டிக்குப் போய் வந்தாலும் ஏலத்தை விட்டு அவர் ஏற்கெனவே விலகியிருந்தார். பேசாத ஆளை வைத்து யார் ஏலம் நடத்துவார்கள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பொய் சொன்ன அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

புற்றுநோய் என்று உறுதியானது. டோட்டல் லாரிஞ்ஜெக்டமி (குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவது) செய்தார்கள். இனி அவர் மூச்சு விடுவது கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான். அறுவை நடந்த அன்று நானும் கௌரம்மாவும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் சாப்பாட்டுக் கூடை இருந்தது.

கார்த்திகையிலேயே வந்திருந்தால் குரல்வளை தப்பியிருக்குமா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. அந்த அறைக்குப் பரிசோதனைக்காகப் பலமுறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்று கிளம்புகிறேன். இல்லை என்று அவர் சொன்னால் நிம்மதியாகிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஆமாம் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

என் குரல் திரும்பியது. ஐந்தரைக் கட்டையில் பாடியவள் இப்போது நாலரைக் கட்டையில் பாடுகிறேன். படியில் பேசியதால் அல்ல, ஒரு வருடம் மறைத்ததால் வந்த தழும்பு என்றார் மருத்துவர். கொச்சிக்கு நானே கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். தை மாதப் பாட்டை ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகப் பாடியிருக்கிறாள். சித்திரையில் எனக்கு ஒரு தாலாட்டு வந்தது, மேலே போகாத பாட்டு. முதல் முறையாகத் தாளைக் கவிழ்க்காமல் பிடித்துக்கொண்டு பாடினேன். யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

உடம்போடு எனக்கு இருந்த உறவு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தொண்டை என் வேலைக்காரி மாதிரி, கூப்பிட்டால் வர வேண்டும். இப்போது காலையில் முதல் சொல்லைப் பேசும் முன் நின்று கேட்கிறேன். காலமும் பழைய கணக்கில் ஓடவில்லை. நாட்காட்டியில் எந்த மாதம் நடந்தாலும், எனக்கு அது கார்த்திகையிலிருந்து எத்தனை தூரம் என்றுதான் தெரிகிறது. படிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. குரல் கம்மி மூன்று வாரமானால் போய்க் காட்டுங்கள். நீங்கள் போனதை மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.

முனிராஜ் அண்ணன் மறுபடி மண்டிக்குப் போகிறார். ஏலம் வேறொருவர் கூறுகிறார், இவர் பூவைத் தொட்டுப் பார்த்து விரலால் விலை காட்டுகிறார். கௌரம்மா இப்போது என் கதவில் பூக் கட்டுவதில்லை. நான் கீழே போய்க் காசு கொடுத்து வாங்குகிறேன். வாங்கிக்கொள்கிறாள்.

போன மாதம் ஒரு நாள் இருவரும் மேலே வந்தார்கள். அவர் தன் தொண்டையைத் தொட்டு, பிறகு என்னைக் காட்டி, கையை மேலே உயர்த்தினார். எந்தப் பாட்டு என்று எனக்குப் புரிந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. சுருதியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாடினேன்.

சரணம் முடிந்து அந்த இடம் வந்தது. பழக்க தோஷத்தில் என் வலது கை தானாக மேலெழுந்து முன்னால் நீண்டது. கையில் மைக் இல்லை. எதிரே அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையை மூடியிருந்த வெள்ளைத் துணி, சரியாக அந்த எடுப்பில், ஒருமுறை எழும்பித் தாழ்ந்தது.

கையை இறக்கிக்கொண்டு நானே பாடினேன். உடைந்துதான் வந்தது. நிறுத்தாமல், மறைக்காமல், கௌரம்மா பார்த்துக்கொண்டிருக்கக் கடைசி வரை பாடினேன்.